வலமும் இடமும்

தமிழ்நாட்டின் பழம்பெருந் திருத்தலங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள மலையின் கீழ்த்திசை அடிவாரத்தில் அருணாசலேசுவரர் கோயில் அமைந்துள்ளது. முழுநிலா நாள்களில் மக்கள் பெருந்திரளாகக் கூடி, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் மலையைச் சுற்றி வருவர். இதனைக் கிரிவலம் என்பர். வலம் வருதல் என்பதற்கு, சுற்றப்படும் பொருள் தமக்கு வலப்புறத்தில் இருக்குமாறு சுற்றி வருதல் என்பது பொருள். ஆகவே கிரிவலம் வருவோரின் வலக்கைப் பக்கத்திலேயே மலை எப்போதும் இருக்கும்.

அப்பாதையில் எட்டுத் திசைகளுக்கும் உரிய எட்டு இலிங்கங்கள் உள்ளன. வலமாக நடப்பவர் கிழக்கில் இந்திர இலிங்கத்தையும், பின்னர் முறையே அக்கினி, இயமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன் ஆகியோர் பெயர் கொண்ட இலிங்கங்களையும் காண்பர். எதிர்த்திசையில் நடப்பவர் இருந்தால், அவரும் இதே எட்டு இலிங்கங்களைத்தாம் காண்பார். நடக்கும் தொலைவிலும் வேற்றுமை இல்லை. ஆயினும் வரிசை தலைகீழாக மாறிவிடும். எல்லா உறுப்புகளும் ஒத்திருந்தும் அமைந்த முறையால் இரண்டு பொருள்கள் வேறுபடக்கூடும் என்பதற்கு இஃது எளிய எடுத்துக்காட்டாகும். இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகளிலும் உண்டு. மருந்து நோயாளிக்குப் பயன்படுவதும் பயன்படாமற் போவதும் சில வேளைகளில் இவ்வேறுபாட்டையே பொறுத்துள்ளன.

ஒருவர் தம் இரு கைகளையும் உற்று நோக்கினால் இக்கருத்து நன்கு விளங்கும். இரண்டிலும் ஐந்து விரல்கள் உள்ளன. விரல்களின் நீளமும் இடைவெளியும் ஒத்துள்ளன. எனினும் வலக்கையின் மேல் இடக்கையை எவ்வாறு திருப்பி வைத்தாலும், உள்ளங்கையும் புறங்கையும் கட்டைவிரலும் ஒருசேரப் பொருந்துவதில்லை. வலக்கையைக் கண்ணாடி முன் காட்டினால், கண்ணாடிக்குள் தோன்றுவது இடக்கையின் வடிவமாகும். வலக்காலுக்குரிய செருப்பு இடக்காலுக்குப் பொருந்தாததும் இதனாலேயே. வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் இத்தகையனவே. ஒன்றன் கண்ணாடி உருவமாகவே மற்றொன்று அமைந்துள்ளது.

தன் கண்ணாடி உருவத்தோடு முற்றும் பொருந்தாத இத்தன்மையைக் கைத்தன்மை என்று அறிவியலார் வழங்குவர். கிரேக்க மொழியில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து இதற்கு உரிய பெயரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெல்வின் பிரபு அமைத்தார். பந்துக்குக் கைத்தன்மை இல்லை. நீர்க் குவளைக்கும் இல்லை. திருகாணிக்கும் முறுக்கிய கயிற்றுக்கும் கைத்தன்மை உண்டு.

மூலக்கூறுகளின் கைத்தன்மையை முதன்முதலில் கைகளாலேயே பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் ஆவார். திராட்சையிலும் புளியிலும் டார்டாரிக் அமிலம் என்னும் பொருள் உள்ளது. இதனோடு இயைபில் ஒத்திருந்தும் ஒளியைத் திருப்பும் பண்பு இல்லாத வேறோர் அமிலமும் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. 1848ஆம் ஆண்டில், தம் 25ஆம் வயதில், பாஸ்டர் அவ்வமிலத்தின் உப்பைப் படிகமாக்கி உருப்பெருக்கியின் கீழ் நோக்கினார். படிகங்கள் இருவகையாக இருந்தன. ஒருவகை மற்றொன்றன் கண்ணாடி உருவமாக இருந்தது. அவர் அவற்றைப் பொறுமையோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியல்களாக்கினார். ஒரு குவியலின் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தை வலப்புறமாகவும், மற்றதன் கரைசல் அதே அளவு இடப்புறமாகவும் திருப்பின. இரண்டும் சம அளவிற் கலந்திருந்தபோது ஒன்றன் விளைவை மற்றொன்று அழித்துவிட்டமையே ஒளி திரும்பாமைக்குக் காரணம் என்பது விளங்கிற்று.

உயிர்களின் உடல் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்கிறது. புதினாவின் மணத்துக்கு முதன்மையான காரணமாகிய கார்வோன் என்னும் பொருள் சதகுப்பையின் விதையிலும் இருக்கிறது. புதினாவில் இருப்பது ஒரு கை வடிவம். சதகுப்பையில் இருப்பது அதன் எதிர்க்கை வடிவம். அணுக்களின் எண்ணிக்கையிலும் இணைப்பிலும் எவ்வித வேறுபாடும் இல்லை. ஆயினும் மூக்கு அவற்றை இருவேறு மணங்களாக அறிகிறது. மணத்தை உணரும் உறுப்பின் மூலக்கூறுகளும் கைத்தன்மை உடையனவாக இருப்பதே இதற்குக் காரணம். கையுறை கையை அறிவதுபோல அவை கார்வோனின் கையை அறிகின்றன.

நெடுங்காலம் வரை இத்தகைய கைத்தன்மைக்குக் கரி அணுவே காரணம் என்று பலர் எண்ணியிருந்தனர். சுவிட்சர்லாந்து நாட்டில் சூரிச் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பிரட் வெர்னர் இவ்வெண்ணத்தை மாற்றினார். உலோக அணு ஒன்றைச் சூழ்ந்து பிற மூலக்கூறுகள் குறிப்பிட்ட திசைகளில் நின்று இணைவதால் உண்டாகும் பொருள்களை அணைவுச் சேர்மங்கள் என்பர். நடுவில் நிற்கும் உலோகத்தோடு இணையும் மூலக்கூறுகளுக்கு ஈனிகள் என்பது பெயர். கோபால்ட்டு போன்ற உலோகங்களைச் சூழ்ந்து மேல், கீழ், முன், பின், வலம், இடம் என ஆறு இடங்கள் உள்ளன என்று வெர்னர் கருதினார். அவர் கருத்து உண்மையானால், சில கோபால்ட்டுச் சேர்மங்கள் வலக்கை வடிவிலும் இடக்கை வடிவிலும் இருத்தல் வேண்டும். 1911ஆம் ஆண்டில் அவரும் அவருடைய மாணவர் விக்டர் கிங்கும் அவ்விரு வடிவங்களையும் பிரித்துக் காட்டினர். 1913ஆம் ஆண்டில் வெர்னர் நோபல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டில், கரி அணுவே இல்லாத சேர்மம் ஒன்றிலும் கைத்தன்மை உண்டு என்பதை அவர் மெய்ப்பித்தார்.

இத்தகைய சேர்மங்களுள் ருத்தேனியம் என்னும் உலோகத்தால் ஆனவை இங்குக் கருதத்தக்கவை. ருத்தேனியம் பிளாட்டினத்தின் இனத்தைச் சார்ந்த அரிய உலோகம். பீனாந்த்ரோலின் என்பது தட்டையான தகடு போன்ற ஈனி. அது தன் இரு நைட்ரசன் அணுக்களால் உலோகத்தை இரண்டு இடங்களிற் பற்றிக்கொள்ளும். மூன்று பீனாந்த்ரோலின்கள் சேர்ந்தால் ஆறு இடங்களும் நிரம்பும். அப்போது அச்சேர்மம் மூன்று இலைகளையுடைய காற்றாடிபோலத் தோன்றும். காற்றாடியின் இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதுபோல் இச்சேர்மத்தின் தகடுகளும் சாய்ந்துள்ளன. வலமுறையாகச் சாய்ந்த வடிவத்தை டெல்டா என்றும், இடமுறையாகச் சாய்ந்த வடிவத்தை லாம்டா என்றும் வேதியியலார் கூறுவர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிரான்சிஸ் டுவையர் என்பார் இத்தகைய சேர்மங்கள் உயிர்களின் உடலில் விளைக்கும் செயல்களை ஆராய்ந்து 1952ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

அடுத்த ஆண்டில் உயிரியலில் பெருஞ்சிறப்பு வாய்ந்த கண்டுபிடிப்பு ஒன்று வெளிவந்தது. உயிரணுக்களில் மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்கும் பொருள் டி.என்.ஏ. ஆகும். ரோசலிண்டு பிராங்கிளினும் மாரிசு வில்கின்சும் அப்பொருளை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து வந்தனர். அவர்கள் ஆய்வில் கிடைத்த படங்களையும் அளவுகளையும் துணைக்கொண்டு, 1953ஆம் ஆண்டில் ஜேம்சு வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் அதன் வடிவத்தை வெளியிட்டனர். டி.என்.ஏ. இரண்டு நீண்ட இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுகிய திருகு வடிவம் உடையது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 2 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறே நானோமீட்டர் ஆகும். இரு இழைகளுக்கும் இடையே அடினைனும் தைமினும் ஓர் இணையாகவும், குவானைனும் சைட்டோசினும் மற்றோர் இணையாகவும் ஏணிப்படிகள்போல் அடுக்கப்பட்டுள்ளன. அடுத்தடுத்த படிகளுக்கு இடைவெளி 0.34 நானோமீட்டர், ஏறத்தாழ பத்துப் படிகளுக்கு ஒருமுறை திருகு ஒரு சுற்று நிறைவுறும்.

இத்திருகின் கை யாது என்பதை அறியத் திருவண்ணாமலையே துணைசெய்யும். சமதரையில் மலையைச் சுற்றியுள்ள வட்டப் பாதைக்குத் தனக்கென ஒரு கை இல்லை. நடப்பவர் திரும்பி நடந்தால் வலம் இடமாகிவிடும். ஆனால் அடிவாரத்திலிருந்து உச்சி வரை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு பாதை இருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். ஏறும்போது மலை இடக்கைப் பக்கத்தில் இருக்குமாயின், அப்பாதை வலக்கைத் திருகாகும். அதே பாதையில் இறங்கி வருபவருக்கு மலை வலக்கைப் பக்கத்தில் இருக்கும். ஆயினும் பாதையின் திருகு மாறுவதில்லை. ஏறுவோர்க்கும் இறங்குவோர்க்கும் அது வலக்கைத் திருகே ஆகும். வட்டத்துக்கு இல்லாத கைத்தன்மை திருகுக்கு உண்டு என்பது இதனால் விளங்கும். உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. பெரும்பாலும் இத்தகைய வலக்கைத் திருகேயாகும். அதன் இழைகளில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே கை வடிவம் உடையன. அச்சிறு கூறுகளின் கைத்தன்மையே பெருந்திருகின் கையைத் தீர்மானிக்கிறது.

இக்காலத்தில் தமிழகத்திலும் திருகு வடிவங்களைப் பற்றிய சிறந்த ஆராய்ச்சி நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த கோ. நா. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், தோலிலும் தசைநாண்களிலும் உள்ள கொலாசன் என்னும் புரதத்தின் வடிவத்தை 1954ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். கொலாசன் மூன்று இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையும் தனித்தனியே இடக்கைத் திருகாக முறுகியுள்ளது. மூன்றும் சேர்ந்து வலக்கைத் திருகாக ஒன்றையொன்று தழுவியுள்ளன. கயிறு திரிப்போர் புரிகளை ஒரு பக்கமாக முறுக்கிப் பின்னர் அவற்றை எதிர்ப்பக்கமாகச் சேர்த்து முறுக்குவர். அதனாலேயே கயிறு பிரிந்து போகாமல் உறுதியாக நிற்கிறது. கொலாசனின் வலிமைக்கும் இத்தகைய அமைப்புத் துணைசெய்கிறது.

டி.என்.ஏ.யும் கைத்தன்மை உடையது. காற்றாடி வடிவான உலோகச் சேர்மமும் கைத்தன்மை உடையது. ஆகவே இரண்டும் சந்திக்கும்போது, வலக்கைச் சேர்மமும் இடக்கைச் சேர்மமும் ஒரே வகையாகப் பிணையுமா என்னும் கேள்வி இயல்பாக எழுகிறது. ஒருவர் மற்றொருவர்க்கு வலக்கை கொடுத்துக் குலுக்கும்போது, வலக்கையோடு வலக்கை பொருந்துவதையும், இடக்கை நீட்டினால் அவ்வாறு பொருந்தாமையையும் இங்கு நினைவு கூரலாம்.

சேர்மங்கள் டி.என்.ஏ.யோடு சேரும் முறைகள் பல. அதன் இழைகளில் எதிர்மின்னேற்றம் உள்ளமையால், நேர்மின்னேற்றமுள்ள உலோகச் சேர்மங்கள் முதலில் அதனை நோக்கி ஈர்க்கப்படும். திருகின் புறத்தே பெரிய பள்ளம் ஒன்றும் சிறிய பள்ளம் ஒன்றும் இணையாகச் சுற்றிச் செல்கின்றன. சில சேர்மங்கள் அப்பள்ளங்களில் படிந்து நிற்கும். வேறு சில தம் தட்டையான பகுதியை அடுத்தடுத்த இரு படிகளுக்கு இடையே செருகிக்கொள்ளும். அடுக்கி வைத்த ஏடுகளுக்கு இடையே மற்றோர் ஏட்டை நுழைப்பது போன்றது இது. இச்செருகல் முறையை 1961ஆம் ஆண்டில் லெனார்டு லெர்மன் என்பார் எடுத்துரைத்தார். செருகல் நிகழும்போது படிகளின் இடைவெளி ஏறத்தாழ இருமடங்காகும், திருகு சற்றே தளரும், டி.என்.ஏ. நீளும். இவையன்றி, சில உலோகங்கள் டி.என்.ஏ.யின் அணுக்களோடு நேரடியாக வேதிப் பிணைப்பு உண்டாக்கி எளிதிற் பிரியாதவாறு பற்றிக்கொள்வதும் உண்டு.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜாக்குலின் பார்ட்டன் என்னும் அம்மையார் 1980களில் இக்கேள்வியை ஆராய்ந்தார். அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று மிக எளியது. நுண்துளைகளையுடைய சவ்வுப் பை ஒன்றில் டி.என்.ஏ. கரைசல் வைக்கப்படும். டி.என்.ஏ. பெரிய மூலக்கூறாகையால் அது பையை விட்டு வெளியேற இயலாது. பைக்கு வெளியே, வல வடிவமும் இட வடிவமும் சம அளவிற் கலந்த ருத்தேனியச் சேர்மத்தின் கரைசல் இருக்கும். இச்சேர்மம் சிறிதாகையால் துளைகளின் வழியே உள்ளும் புறமும் சென்று வரும். இரு வடிவங்களும் ஒரே அளவிற் பிணையுமாயின், வெளியிலுள்ள கரைசலில் இரண்டும் சமமாகவே எஞ்சும். ஒரு வடிவம் மிகுதியாகப் பிணையுமாயின், வெளியில் மற்றதே மிகுந்து நிற்கும். ஒளியைக்கொண்டு அதனை அறியலாம். ஆய்வின் முடிவில் வெளியில் லாம்டா வடிவம் மிகுந்திருந்தது. அஃதாவது, வலக்கைத் திருகாகிய டி.என்.ஏ. வலக்கைக் காற்றாடியாகிய டெல்டா வடிவத்தை மிகுதியாக ஏற்றுக்கொண்டது.

இதற்குப் பார்ட்டன் குழுவினர் கூறிய விளக்கம் கருதத்தக்கது. காற்றாடியின் ஓர் இலை படிகளுக்கு இடையே செருகப்படும்போது, மற்ற இரண்டு இலைகளும் பள்ளத்தில் நீண்டு நிற்கும். டெல்டா வடிவத்தில் அவ்விரு இலைகளும் பள்ளம் செல்லும் திசையிலேயே சாய்ந்திருப்பதால் தடையின்றிப் பொருந்தும். லாம்டா வடிவத்தில் அவை பள்ளத்துக்குக் குறுக்காகச் சாய்ந்து இழைகளின் மேல் மோதும்.

இவ்விளக்கம் அழகியதாக இருந்தும், அறிவியல் அதனைச் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. செருகல் நிகழ்ந்தால் டி.என்.ஏ. நீண்டு, அதன் கரைசல் முன்னினும் குழம்பாக ஓடவேண்டும். 1992ஆம் ஆண்டில் சத்தியநாராயணா, தப்ரோவியாக், செயர்சு ஆகிய மூவரும் இக்குழம்புத் தன்மையை அளந்தனர். மூன்று பீனாந்த்ரோலின்களையுடைய சேர்மத்தின் இரு வடிவங்களுள் எதுவும், செருகலின்போது எதிர்பார்க்கப்படும் உயர்வை உண்டாக்கவில்லை. ஆகவே அச்சேர்மம் முழுமையாகச் செருகப்படுவதில்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். கைகளுக்கு இடையே வேறுபாடு உண்டு என்னும் உண்மை நிலைத்தது. அவ்வேறுபாடு நிகழும் முறையைப் பற்றிய கருத்து மட்டும் திருத்தம் பெற்றது. அளந்து கண்ட உண்மையையும் அதற்குக் கூறும் விளக்கத்தையும் வேறு வேறாக வைத்து எண்ணுதல் அறிவியலுக்கு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

செருகலை ஐயமின்றிக் காட்டிய சேர்மமும் பின்னர்க் கிடைத்தது. மூன்று தகடுகளுள் ஒன்றை மட்டும் நீண்ட தகடாக அமைத்தால் அது படிகளுக்கு இடையே ஆழமாக நுழையும். 1990ஆம் ஆண்டில் பார்ட்டனும் பிரெஞ்சு அறிஞர் சோவாசும் பிறரும் இத்தகைய சேர்மம் ஒன்றின் வியத்தகு பண்பை வெளியிட்டனர். நீரில் தனித்திருக்கும்போது அதன்மேல் ஒளி பட்டாலும் அது திரும்ப ஒளிர்வதில்லை. நீர் மூலக்கூறுகள் அந்நீண்ட தகட்டைத் தொட்டு அதன் ஒளியை அவித்துவிடுகின்றன. டி.என்.ஏ. சேர்ந்தவுடன் தகடு படிகளுக்கு இடையே நுழைந்து நீரினின்று காக்கப்படுகிறது. அப்போது சேர்மம் செந்நிறமாக ஒளிர்கிறது. காற்றுப் படாமல் மாடத்துள் வைத்த அகல்விளக்கு அணையாது எரிவதனோடு இதனை ஒப்பிடலாம். 2012ஆம் ஆண்டில் பார்ட்டனின் குழு இத்தகைய டெல்டா வடிவம் ஒன்றும், இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக் கிறிஸ்டின் கார்டினின் குழு லாம்டா வடிவம் ஒன்றும் டி.என்.ஏ.யோடு சேர்ந்திருக்கும் நிலையைப் படிகங்களாக்கி எக்ஸ் கதிர்களாற் கண்டன. இரண்டிலும் நீண்ட தகடு சிறிய பள்ளத்தின் வழியே நுழைந்திருந்தது.

தமிழகத்திலும் இத்துறையில் ஆராய்ச்சிகள் நடைபெற்றுள்ளன. திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மல்லையன் பழனியாண்டவரும் அவர்தம் மாணவர்களும் செம்பு, ருத்தேனியம் முதலிய உலோகங்களின் அணைவுச் சேர்மங்கள் டி.என்.ஏ.யோடு பிணையும் முறையை ஆராய்ந்தனர். பீனாந்த்ரோலினோடு மெதில் தொகுதிகளைச் சேர்த்து ஈனியின் வடிவைச் சிறிது மாற்றினால் பிணைப்பு எவ்வாறு மாறுகிறது என்பது அவர்கள் ஆய்ந்த பொருள்களுள் ஒன்று. இரு கை வடிவங்களும் கலந்த ருத்தேனியச் சேர்மத்திலிருந்து டி.என்.ஏ. ஒரு கையைத் தெரிந்து பிணைவதையும் அவர்கள் கண்டு வெளியிட்டனர். சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலும், குரோமியச் சேர்மங்கள் டி.என்.ஏ.யைத் தாக்கும் முறை ஆராயப்பட்டுள்ளது. தோல் பதனிடுதலில் குரோமியம் மிகுதியாகப் பயன்படுகிறது. ஆதலின் அவ்வுலோகம் உடலில் விளைக்கக்கூடிய கேட்டை அறிதல் தொழிலாளர் நலத்துக்கு இன்றியமையாதது.

டி.என்.ஏ.யும் எப்போதும் வலக்கைத் திருகாகவே இருப்பதில்லை. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அலெக்சாண்டர் ரிச்சின் குழுவினர், குவானைனும் சைட்டோசினும் மாறி மாறி வரும் டி.என்.ஏ. துண்டு ஒன்று இடக்கைத் திருகாக இருப்பதைக் கண்டனர். அதில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு படிகள் உள்ளன. இதன் இழைகள் நேராகச் செல்லாமல் வளைந்து வளைந்து செல்வதால் இதற்கு இசட் வடிவம் என்று பெயரிட்டனர். நீண்ட டி.என்.ஏ.யில் எப்பகுதி இடக்கையாக மாறியுள்ளது என்பதைக் கண்ணாற் காண இயலாது. ஆனால் இடக்கைச் சேர்மம் ஒன்று அவ்விடத்தைத் தேடிப் பிணையுமாயின், அதுவே அடையாளம் காட்டும் கருவியாகும். பார்ட்டன் இத்தகைய நோக்கத்தோடும் லாம்டா வடிவச் சேர்மங்களை ஆராய்ந்தார்.

இவ்வாராய்ச்சிகளால் மக்களுக்கு விளையும் பயன் புற்றுநோய் மருத்துவத்தில் தெளிவாகத் தெரிகிறது. புற்றுநோயில் உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். அப்படியெடுப்பைத் தடுத்தால் அதன் பெருக்கமும் தடைப்படும். 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பார்னெட்டு ரோசன்பர்க் என்பார், நுண்ணுயிர்கள்மீது மின்சாரத்தின் விளைவை ஆராயும்போது அவை பிரியாமல் நீண்டு வளர்வதைக் கண்டார். மின்முனையாக வைத்த பிளாட்டினம் கரைந்து உண்டான சேர்மங்களே அதற்குக் காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அவற்றுள் ஒன்றான சிஸ்பிளாட்டின் 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. அது பெரும்பாலும் அடுத்தடுத்த இரு குவானைன்களை இறுகப் பற்றி டி.என்.ஏ.யை வளைத்துவிடுகிறது. எனினும் அது சிறுநீரகத்துக்கும் செவிப்புலனுக்கும் கேடு விளைக்கக்கூடும்.

சிஸ்பிளாட்டின் தட்டையான சேர்மம்; ஆகவே அதற்குக் கைத்தன்மை இல்லை. அதன் பின்னர் வந்த ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்து கைத்தன்மை உடையது. சப்பான் நாட்டில் கிதானியின் குழுவினர் ஆராய்ந்து கண்ட இச்சேர்மத்தில், பிளாட்டினத்தைப் பற்றியுள்ள ஈனி இரு கை வடிவங்களில் அமையக்கூடும். அவற்றுள் ஒரு கையே மருந்தாகப் பயன்படுகிறது. எதிர்க்கை வடிவம் மருந்தில் கலந்திருப்பின் அது மாசாகவே கருதப்படுகிறது. அதன் அளவுக்கு வரம்பும் விதிக்கப்பட்டுள்ளது. 1996ஆம் ஆண்டு முதல் பிரான்சிலும் பின்னர்ப் பிற நாடுகளிலும் இது பெருங்குடற் புற்றுநோய்க்கு அளிக்கப்பட்டு வருகிறது. இதுவும் கேடற்ற மருந்தன்று. கைகால்களின் நரம்புகளில் மரத்துப்போகும் உணர்ச்சியை உண்டாக்கக்கூடும். நோயைத் தாக்கி உடலைக் காக்கும் மருந்தைத் தேடும் பணி இன்னும் முடிவுறவில்லை.

தமிழகத்தில் அப்பணியின் அருமையை முன்னரே உணர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், பல்லாண்டுகள் முயன்று 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கச் செய்தார். அக்காலத்தில் அந்நோய்க்கு அறுவையும் கதிர் மருத்துவமுமே பெரும்பாலும் துணையாக இருந்தன. இன்று மருத்துவர் கையில் பல மருந்துகள் உள்ளன. அவற்றுள் பிளாட்டின மருந்துகளும் இடம்பெற்றுள்ளன.

ருத்தேனியக் காற்றாடிகள் இன்றுவரை பெரிதும் ஆய்வுக்கூடத்துக் கருவிகளாகவே உள்ளன. மருத்துவமனையில் வழங்கும் மருந்துகளாகிவிடவில்லை. எனினும் அவற்றால் கிடைத்த அறிவு சிறிதன்று. மூலக்கூறில் எந்தெந்த அணுக்கள் உள்ளன என்பதை அறிதல் மட்டும் போதாது. எது எதனோடு இணைந்துள்ளது என்பதும் போதாது. அவை எத்திசையில் திரும்பி நிற்கின்றன என்பதையும் அறிதல் வேண்டும் என்னும் பாடத்தை அவை கற்பித்துள்ளன. புளியின் அமிலத்தை ஆராய்ந்த பாஸ்டரும், கோபால்ட்டைப் பிரித்த வெர்னரும், கொலாசனின் புரிகளைக் கண்ட இராமச்சந்திரனும் அப்பாடத்தின் வெவ்வேறு பக்கங்களை எழுதினர். ஒரு நானோமீட்டர் அளவுள்ள மூலக்கூறு வலப்புறம் சாய்ந்துள்ளதா, இடப்புறம் சாய்ந்துள்ளதா என்று பொறுமையோடு ஆராய்வது வீண்முயற்சி அன்று. நோயுற்றோர்க்கு அளிக்கும் மருந்தில் எக்கை வேண்டும், எக்கை கூடாது என்று தெளிந்து கூறும் ஆற்றல் அவ்வாராய்ச்சியினாலேயே மனிதனுக்குக் கிட்டியுள்ளது.